அக்காவுக்கு நான் படிப்பித்த இங்கிலீஷ்

பிழையான இங்கிலீஷைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. பிறவிக் குணமோ தெரியாது. இங்கிலீஷ் ரீச்சராக வந்த பிறகு அதுவே தொழிலாகிவிட்டதால் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஏறினால் கடைப் பலகைகள், கல்யாண மண்டபத்துப் பதாகைகள், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்கள் என்று கண்ணில் படுகிற இங்கிலீஷை எல்லாம் மனதுக்குள் திருத்திக்கொண்டே போவேன். பரிசளிப்பு விழாவில் யாராவது தடக்கித் தடக்கி இங்கிலீஷில் நன்றி சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். எங்கள் பக்கத்தில் இது பெருமைக்குரிய குணம். பிழையாகக் கதைப்பதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதை என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள். நன்றாகப் படித்தவர்கள்கூட வெள்ளைக்காரரைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பி நிற்பது அதனால்தான்.

என் அக்காவுக்கு அந்த மரியாதை தெரியாது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், எங்கள் படலையடியில் சைக்கிளோடு ஒரு வெள்ளைக்காரச் சோடி நிற்கிறது. கடற்கரை வெளிச்சவீட்டுக்கு வழி கேட்கிறார்கள். அக்கா மீன் வெட்டிய கையோடு ஓடிவந்து வழி சொல்லிக்கொண்டிருக்கிறாள். "யூ கோ ஸ்ட்ரெயிட். டெம்பிள் கமிங். தென் சீ கமிங். சீ கமிங், யூ ஸ்டொப்!" அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நில்லுங்கள் என்று சைகை காட்டிவிட்டுப் போய் இரண்டு இளநீர் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். எனக்கு மானம் போயிற்று. அவர்கள் சைக்கிளில் ஏறி ஒழுங்கை முடக்கால் திரும்பும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"அக்கா, கடல் எங்கையடி வாறது? நாங்களெல்லோ கடலுக்குப் போறது?"

"அவைக்கு விளங்கினது. உனக்குத்தான் விளங்கேல்லை" என்று சொல்லிவிட்டு அவள் மீனைக் கழுவப் போனாள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அக்கா, நான், அப்பா. அப்பா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் கிளார்க்காக இருந்தவர். அம்மா போன அடுத்த வருடம் பாரிசவாதம் வந்து அவருடைய வலப்பக்கத்தை இழுத்துப்போட்டது; அன்று தொடங்கிக் கட்டிலோடுதான். அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். அவளுக்குக் கல்யாணம் பேசிய வயதில் எங்களுக்கு இடப்பெயர்வு. பிறகு அம்மாவின் வருத்தம், பிறகு அப்பா. வந்த சம்பந்தங்கள் ஒன்றும் ஒப்பேறவில்லை. நான் படித்தேன், வேலை எடுத்தேன், பின்னேரங்களில் ரியூஷன் படிப்பிக்கப் போனேன், சனி ஞாயிறுகளில் சிநேகிதிகளோடு யாழ்ப்பாணம் போய்ப் புத்தகமும் சட்டையும் வாங்கினேன். அதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அப்பாவைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி பருக்கி, சீலைகளைத் தோய்த்துப் போட்டது அக்கா.

நாற்பது தாண்டிய பிறகு அவளுக்கு லண்டனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். எட்டு வயதில் ஒரு பெண்பிள்ளை. நல்ல மனுசன் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மாத லீவில் வந்தார், கல்யாண எழுத்தும் தாலிகட்டும் கோயிலில் ஒரே நாளில் நடந்தது, திரும்பிப் போய்விட்டார். அக்கா விசா எடுத்துப் போய்ச் சேர வேண்டும். சம்பந்தம் பேசுகிறபோது அக்கா தயங்கினாள். அப்பாவை யார் பார்ப்பது என்று கேட்டாள். அத்தனை சொந்தக்காரருக்கும் நடுவில் நான்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "நான் இருக்கிறன். நீ போ அக்கா." பெரியம்மா ஒருவர் என் தலையைத் தடவிவிட்டார். பெருந்தன்மையாகப் பேசுவது எவ்வளவு சுலபம் என்று இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அந்த மழைக்காலம் அக்காவுக்கு டெங்கு பிடித்தது. ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு அப்பாவோடு நின்றேன். முதல்நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரைப் புரட்ட எனக்குப் பலம் காணாது. கஞ்சியை நான் பருக்கினால் துப்பினார். துடைத்து முடித்துக் கை கழுவிவிட்டு வந்தால் கட்டில் மறுபடி ஈரம். மூன்றாம் நாள் நான் அவரைப் பார்த்துக் கத்தினேன், படுக்கையில் கிடக்கிற மனிதரை. அவர் இடக்கையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கிணற்றடியில் போய் நின்று அழுதேன். அவருக்காக அழவில்லை, எனக்காக. அக்கா போய்விட்டால் இதுதான் என் வாழ்க்கை என்று நினைத்து அழுதேன்.

கூலிக்கு ஒருவரை வைக்கலாம். லண்டனில் இருக்கிற அத்தான் முதலே சொன்னவர். ஆனால் வீட்டில் பொம்பிளைப் பிள்ளை இருக்கத் தகப்பனுக்குக் கூலிக்கு ஆள் வைத்தால் ஊர் என்ன சொல்லும்? அதுவும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பிள்ளை.

அக்கா சுகமாகி வந்தாள். மெலிந்து, கண் உள்ளே போய், நேரே அப்பாவின் அறைக்குத்தான் போனாள். அதற்கடுத்த கிழமை அத்தான் போன் எடுத்து, விசாவுக்கு இங்கிலீஷ் சோதனை ஒன்று இருக்கிறது, கொழும்பில் போய் எடுக்க வேண்டும் என்றார். "மச்சாள் இருக்கேக்கை எனக்கென்ன கவலை? நீங்கள்தானே ரீச்சர்" என்று சிரித்தார். சோதனையின் விபரத்தை எனக்கு அனுப்பினார். நான் வாசித்தேன். ஆகக் குறைந்த படி. இரண்டு பேரைச் சோடியாக இருத்தி, சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டு, ஒருவரோடொருவர் கதைக்கவிட்டுப் பார்ப்பார்கள். கேட்டு விளங்க வேண்டும், விளங்கும்படி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எழுத்து இல்லை, வாசிப்பு இல்லை. சீ கமிங் என்று சொல்லி இரண்டு வெள்ளைக்காரரை வெளிச்சவீட்டுக்கு அனுப்பத் தெரிந்தவளுக்கு அதில் படிக்க ஒன்றுமே இல்லை.

இதை நான் அன்றைக்கே விளங்கிக்கொண்டேன். விளங்கிக்கொண்டுதான் மறுநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு புதுக் கொப்பியையும் சிவப்புப் பேனையையும் கொண்டுவந்து வைத்தேன்.

"முதல்ல இலக்கணம். அடி சரியா இருந்தாத்தான் மேலை கட்டலாம்" என்றேன்.

உடைமைச் சொல்லில் தொடங்கினேன். ஒருவருடைய பொருள் என்றால் எஸ் எழுத்துக்கு முன்னால் அப்பொஸ்ட்ரொபி என்கிற ஒரு சிறு கொம்பு போட வேண்டும். பலருடைய பொருள் என்றால் எஸ் எழுத்துக்குப் பின்னால். ஒரு தம்பியின் சைக்கிள், இரண்டு தம்பிமாரின் சைக்கிள். ஒரு பிள்ளையின் தாய், பல பிள்ளைகளின் தாய். ஆனால் பிள்ளைகள் என்ற சொல் இங்கிலீஷில் எஸ் இல்லாமலே பன்மையாகிவிடுவதால் அங்கே கொம்பு மறுபடி முன்னால் வரும். அக்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுதினாள். சமையலுக்கும் அப்பாவுக்கும் நடுவில் கிடைத்த நேரம் அது. ஒரு காது எப்போதும் அப்பாவின் அறைப் பக்கம் இருந்தது. பெற்றோருடைய வீடு என்பதை எழுதச் சொன்னால் கொம்பை முன்னால் போட்டாள். நான் சிவப்பால் சுழித்தேன். மறுநாளும் முன்னால் போட்டாள். மறுபடி சுழித்தேன்.

"உதை வாயாலை சொல்லிக் காட்டு பாப்பம். முன்னுக்குப் போட்டா எப்பிடி, பின்னுக்குப் போட்டா எப்பிடி?" என்று அக்கா கேட்டாள்.

நான் சொல்லிக் காட்டினேன். இரண்டும் ஒரே மாதிரித்தான் ஒலித்தது. அது அப்படித்தான் ஒலிக்கும். அந்தக் கொம்புக்குச் சத்தம் கிடையாது, தாளில் மட்டும்தான் அது இருக்கிறது. பேச்சுச் சோதனைக்குப் போகிறவளுக்கு, சத்தமே இல்லாத ஒன்றை நான் மாதக்கணக்காகப் படிப்பித்தேன்.

"உது சோதினையிலை வருமோ?" என்று அவள் கேட்டாள்.

"எல்லாம் வரும்" என்றேன்.

அது முடிந்ததும் அடுத்தது பிடித்தேன். தமிழில் போக, சமைக்க, பார்க்க என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுவது இங்கிலீஷில் இரண்டாகும். முன்னால் டு வர வேண்டும், பின்னால் வினை மொட்டையாக நிற்க வேண்டும். இங் சேர்க்கக்கூடாது, இறந்தகாலம் ஆக்கக்கூடாது. அக்கா 'ஐ வோன்ட் கோ' என்பாள், டு இருக்காது. திருத்தினால் 'ஐ வோன்ட் டு கோயிங்' என்பாள், டு வந்துவிடும், கூடவே இங்கும் வந்துவிடும். அந்தச் சொற்கூட்டம் வசனத்தின் எழுவாயாகவும் வரும் என்று காட்டுவதற்கு நான் ஒரு உதாரணம் சொல்லி எழுதுவித்தேன். 'டு லுக் ஆஃப்டர் மை ஃபாதர் இஸ் மை டியூட்டி.' அப்பாவைப் பார்ப்பது என் கடமை. உலகத்தில் எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. பூப் பறிப்பது, பஸ் பிடிப்பது, தேத்தண்ணி குடிப்பது. அக்காவின் கையால் எழுதுவிக்க எனக்கு வாயில் வந்தது அதுதான். கொப்பிப் பக்கம் நிறைய எழுதுவித்தேன். யோசித்துத்தான் செய்தேனா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் டெங்குக்கு முன்னால் என்றால் அந்த உதாரணம் என் வாயில் வந்திருக்காது.

சனிக்கிழமைகளில் லண்டனில் இருக்கிற அந்தப் பிள்ளை வீடியோவில் வருவாள். அவளுக்குத் தமிழ் வராது. அக்காவை அன்ரி என்று கூப்பிடுவாள். கல்யாணம் முடிந்த நாள் தொடங்கி இரண்டு பேருக்கும் அந்த நேரம் ஒரு திருவிழா. "வட் யூ ஈட் டுடே?" என்று அக்கா கேட்பாள். அவள் தான் தின்றதைச் சொல்லிவிட்டு நீ என்ன தின்றாய் என்று கேட்பாள். "பிட்டு" என்பாள் அக்கா. பிட்டு என்றால் என்னவென்று கேட்டால், போனைக் குசினிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, "லுக், லுக், ஸ்டீம் கமிங்!" என்று அடுப்பில் பிட்டு அவிகிற நீத்துப்பெட்டியைக் காட்டுவாள். பிள்ளை கைதட்டும். கத்தரிக்காயைக் காட்டி அதன் பேரைச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை 'கட்றிக்கா' என்றது. அக்கா "வெரி குட்! வெரி குட்!" என்று துள்ளினாள். கட்றிக்கா அல்ல கத்தரிக்காய் என்று அவள் ஒருக்காலும் திருத்தவில்லை.

பாடம் தொடங்கிய பிறகு சனிக்கிழமைகளிலும் நான் மேசையின் மற்றப் பக்கம் வந்து இருந்தேன், படத்தில் விழாதபடி. அக்கா பிழைவிட்ட இடத்தில் பேனையால் மேசையில் ஒரு தட்டு. சத்தம் பெரிதில்லை. ஆனால் அக்கா ஒவ்வொரு வசனத்தையும் தொடங்குமுன் என் பக்கம் பார்க்கத் தொடங்கினாள். வசனங்கள் கட்டையாகின. பிறகு யெஸ், நோ என்று ஒற்றைச் சொல்லாகின. ஒருநாள் அந்தப் பிள்ளை அங்கே யாரைப் பார்க்கிறீர்கள் அன்ரி என்று கேட்டாள். அக்கா பதில் சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து, பேசாமல் சிரித்தாள். நான் அதை முன்னேற்றம் என்று நினைத்தேன். பிழை குறைந்திருந்தது அல்லவா.

சோதனைத் திகதி வந்தது. அத்தானின் ஒன்றுவிட்ட தங்கையோடு அக்கா கொழும்புக்குப் போய்விட்டு வந்தாள். வந்து, குளித்து, அப்பாவைப் பார்த்துவிட்டு, குசினி வாங்குப் பலகையில் இருந்து சொன்னாள்.

"என்னோடை சோடியா விட்டது ஒரு சின்னப் பெட்டை. மட்டக்களப்பாம். 'மை ஹஸ்பன்ட் ஹீ இஸ் வேர்க்கிங் ஷொப், வெரி கோல்ட் தேர், ஹீ இஸ் குக்கிங் நோ குட்' எண்டு அடிச்சு விளாசுறாள். கேள்வி கேட்ட மனுசி சிரிச்சுச் சிரிச்சுக் கேட்டுக்கொண்டிருக்குது. பேந்து என்னைக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டுது."

"நீ என்ன சொன்னனீ?"

"எல்லாம் தெரியும். அப்பா, நீ, அவர், பிள்ளை. சொல்லத்தான் வாறன், எஸ் எங்கை போடுறது, டு வருமோ வராதோ எண்டு யோசிக்க, அந்த மனுசி அடுத்த கேள்விக்குப் போயிட்டுது. அந்தப் பெட்டை என்ரை கையைப் பிடிச்சு 'அக்கா, ஸ்பீக், ஸ்பீக்' எண்டுது. வாய் வரேல்லை."

அவள் அழவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில நாளில் முடிவு வந்தது. பெயில். சோடியாக இருந்த பெட்டை பாஸ்.

அன்று நான் என்ன செய்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. சந்தைக்குப் போய் நண்டும் இறாலும் வாங்கிவந்து கூழ் காய்ச்சினேன். அக்காவின் மனம் ஆறட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நண்டு உடைக்கிறபோது என் வாயில் ஏதோ ஒரு பாட்டு வந்துகொண்டிருந்தது. அக்கா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"என்னடி, நல்ல சந்தோசமா இருக்கிறாய்?" என்று கேட்டாள்.

"சும்மா" என்றேன். ஆனால் உண்மையில் எனக்குச் சந்தோசம்தான். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிப் பல மாதத்துக்குப் பிறகு மூச்சு விடுகிறேன். என் அக்கா தோற்றதில் எனக்கு மூச்சு வந்தது.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பின்னேரம் அத்தான் எனக்குப் போன் எடுத்தார். அக்காவிடம் கேட்டால் மனம் நோவாள், நீங்களே சொல்லுங்கள் மச்சாள், என்ன குறை என்று கேட்டார். உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல நேரம். நான் சொன்னது இதுதான்.

"அவவுக்குக் கெதியாப் பிடிபடுதில்லை அத்தான். வயசும் போட்டுது தானே. நாக்குத் திரும்புதில்லை. இன்னுமொரு வருசமாவது செல்லும்."

"பரவாயில்லை, பொறுப்பம்" என்றார் அந்த மனுசன். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்பாவின் அறை வாசலில் கஞ்சிக் கோப்பையோடு அக்கா நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறது. உள்ளே போய், அப்பாவின் தலையைத் தூக்கிக் கரண்டியால் பருக்கத் தொடங்கினாள்.

அதன் பிறகு அக்கா இங்கிலீஷை விட்டுவிட்டாள். கடைக்காரனுக்குச் சொல்கிற தாங்க்யூவைக்கூட விட்டுவிட்டாள். சனிக்கிழமை போன் அடித்தால் அப்பாவுக்கு வேலை இருக்கிறது என்று எழும்பிப் போனாள். அடுத்த சனிக்கிழமை நெற்வேர்க் சரியில்லை என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமை போன் மேசையில் கிடந்து அடித்து அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அக்கா கிணற்றடியில் நின்றாள். வேறு வழியில்லாமல் நான் எடுத்தேன்.

அந்தப் பிள்ளை என் முகத்தைக் கண்டதும் பின்னால் தள்ளிப் போனாள். அன்ரி எங்கே என்று கேட்டாள். வேலையாக இருக்கிறா என்று திருத்தமான இங்கிலீஷில் சொன்னேன். அவள் கொஞ்சநேரம் தன் விரலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். அன்ரிக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா? நான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா?

தாயைப் பறிகொடுத்த எட்டு வயதுப் பிள்ளை, வரப்போகிற தாயும் தன்னால்தான் வாய் திறக்கிறாள் இல்லை என்று நினைத்துக்கொண்டு நிற்கிறது. கூட்டிவருகிறேன் என்று சொல்லிப் போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். அக்கா முகத்தைத் திருப்பினாள். பிள்ளை அன்ரி, அன்ரி என்றது. அக்கா கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள், வாய் அசைந்தது, சொல் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. பிள்ளையும் அழத் தொடங்க, லண்டன் பக்கத்தில் யாரோ போனை நிற்பாட்டினார்கள்.

அன்று மத்தியானம் அப்பா நித்திரையான பிறகு அக்காவைக் குசினியில் பிடித்தேன். சிவப்புச் சுழிகள் நிறைந்த அந்தக் கொப்பியை அடுப்புக்குள் வைக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் எரித்தால் அதுவும் என் நாடகம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"அக்கா, சோதினையிலை எழுத்தே இல்லை. கொம்பு போடுற வேலையே இல்லை. நீ முதல் கதைச்ச மாதிரிக் கதைச்சிருந்தா அண்டைக்கே பாஸ்" என்றேன்.

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"சோதினை விபரத்தை அவர் எனக்கும் அனுப்பினவர்தானே. கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போன மச்சாளும் சொன்னவள், சும்மா வாய்க்கு வந்தபடி கதையுங்கோ எண்டு. நான்தான் நீ சொல்லித் தாறதைப் படிப்பம் எண்டு இருந்தனான்."

"ஏன்?"

அக்கா துருவலை நிறுத்தினாள். "நான் ஆஸ்பத்திரியாலை வந்த அண்டைக்கு உன்ரை முகத்தைப் பாத்தனான். அதைப் பாத்திட்டு எப்பிடியடி போறது? நீயா ஆறி, நீயாப் போ எண்டு சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

நான் நிலத்தில் இருந்து அழுதேன். அவள் வந்து தேற்றவில்லை. தேற்றியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அதற்கு நான் உரியவள் அல்ல என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தேங்காயைத் துருவி முடித்துவிட்டு, "அப்பாவை நீ தனியப் பாக்க வேண்டாம். ஆளை வைப்பம். ஊர் சொல்லுறதைச் சொல்லட்டும்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா அவருக்கு நீ சொன்னியே, நாக்குத் திரும்புதில்லை எண்டு. அது மட்டும் எனக்குச் சரியா நொந்து போச்சுது" என்றாள். நான் அன்று பின்னேரமே அத்தானுக்குப் போன் எடுத்து, பிழை அக்காவில் இல்லை, படிப்பித்ததில்தான் என்று சொன்னேன். அவர் விளங்கிக்கொண்டாரா, ரீச்சரின் பணிவு என்று எடுத்துக்கொண்டாரா தெரியாது.

பூட்டின வாய் ஒரு நாளில் திறக்கவில்லை. இப்போது அந்தப் பிள்ளை சனிக்கிழமை மட்டுமல்ல, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் போன் எடுத்தாள். அது எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். போன் அடித்ததும் நான் செருப்பைக் கொழுவிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கிவிடுவேன். நான் ஒன்றும் சொல்லாவிட்டாலும் என் முகமே அவளுக்கு ஒரு சிவப்புப் பேனையாக இருந்தது. முதல் சில கிழமை நான் திரும்பி வரும்போது வீட்டில் பிள்ளையின் குரல்தான் கேட்கும். பிறகு அக்காவின் யெஸ் கேட்டது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் படலைக்கு வெளியிலேயே கேட்டது, "கோழி ரன்னிங், கோழி ரன்னிங்! ஐ கட்ச், நோ கட்ச்!" என்று அக்கா வளவுக்குள் போனோடு ஓடிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போகாமல் மதிலோடு சாய்ந்து நின்றேன். அத்தனை பிழையையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இரண்டாந்தரம் அவள் பாஸ் பண்ணினாள். விசாவும் வந்தது. போகிற நாள் அப்பாவின் கட்டிலடியில் அவள் கனநேரம் இருந்தாள். நான் அந்த அறைக்குள் போகவில்லை. இப்போது பகலில் ஒரு அம்மா வந்து அப்பாவைப் பார்க்கிறார். இரவு நான். புரட்டப் பழகிவிட்டேன். கஞ்சி துப்புவதும் குறைந்துவிட்டது. ரியூஷனை விட்டுவிட்டேன். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. மாறாக, தமக்கையைப் படிப்பித்து லண்டனுக்கு அனுப்பிய ரீச்சர் என்று கோயிலில் வைத்துக் கையைப் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுப்பேன். அடக்கமும் இருக்கிறது பார் என்று அதற்கும் சேர்த்துப் புகழுவார்கள்.

போன மாதம் பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு அம்மா தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். புருசன் இல்லாதவர். ஒரே மகன் லண்டனில். அவனுக்குக் கல்யாணம் முடிந்து புதிது. மருமகளுக்கும் அதே சோதனை. இரண்டு பேரையும் இருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையிடம் இங்கிலீஷில் இரண்டு கேள்வி கேட்டேன். "மை ஹஸ்பன்ட் வெரி நைஸ், பட் போன் எவ்ரிடே ஸ்லீப்பிங்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இவளுக்கு என்னிடம் ஒரு நாளும் வேலையில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தேத்தண்ணி போடுகிறேன் என்று நான் எழும்ப, அந்த அம்மாவும் பின்னாலேயே குசினிக்கு வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ரீச்சர், இலக்கணம் எல்லாம் வடிவாச் சொல்லிக் குடுங்கோ. அவசரம் ஒண்டுமில்லை. அவள் போனா அந்த வீட்டிலை நான் தனிய ஒராள்தான்."

நான் கேத்திலை எடுத்துத் தண்ணீர் நிரப்பினேன். வேறு ரியூஷன்களில் ஒரு மாதத்தில் முடித்து அனுப்புகிறார்களே, அங்கே ஏன் விடவில்லை என்று கேட்டேன்.

"அதுதான் அங்கை விடேல்லை" என்றார் அவர். "நீங்கள் உங்கடை அக்காவை எவ்வளவு காலம் வைச்சிருந்து படிப்பிச்சனியள் எண்டு எல்லாருக்கும் தெரியும் தானே."

அவர் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. உதவி கேட்கிற முகம், அவ்வளவுதான். நான் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, முன்னறைக்குப் போய், அந்தப் பிள்ளைக்கு முன்னால் இருந்து, கேள்வி கேட்கிற மனுசி சோதனையில் கேட்பது போலவே அவளுடைய வீட்டைப் பற்றிக் கேட்டேன். அவள் கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லத் தொடங்கினாள். குசினி வாசலில் நின்று அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.